தைத்து மூடிய அத்தியாயம்

தையல்காரருக்குப் படிக்க வரும். உரக்கப் படிக்கத்தான் வராது. கடையில் அளவு குறித்துக்கொள்வதும் செய்தித்தாளில் தலைப்பு மேய்வதும் வேறு. ஒரு வார்டு நிறையப் பிள்ளைகள் கட்டில் கட்டிலாகப் படுத்துக்கொண்டு நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கதை படிப்பது வேறு. நீளமான வாக்கியம் எதிரே வந்தால், துணியை மேஜையில் விரிக்கிறவர் மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் முதலில் கண்ணை ஓட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

"என்ன டெய்லர் மாமா, வெட்டுறதுக்கு முன்னாடி அளக்கிறீங்களா?" என்று ஜன்னலோரக் கட்டிலிலிருந்து குரல் வரும்.

அது வக்கீல். இடுப்பு வரை மாவுக்கட்டு, கால் மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்திருக்கும். இடித்துப் போட்ட லாரிக்காரன் போன இடம் தெரியவில்லை. பையன்தான் இந்த வார்டிலேயே ரொம்ப நாள் குடியிருப்பு. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். மருந்து கசக்கிறது என்றால் ஏன் கசக்க வேண்டும் என்பான். ஊசி வலிக்காது என்றால், "அப்ப நீங்க ஒண்ணு போட்டுக்குங்க" என்பான்.

"நீ சும்மா இரு வக்கீல். எங்கப்பா அளந்து வெட்டினா ஒரு நூல்கூடப் பிசகாது" என்று நடுக்கட்டிலிலிருந்து பதில் போகும். அது குருவி. தையல்காரரின் ஒரே மகள். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். கையில் பிடித்த குருவிக்கு மார்பு துடிக்குமே, அந்த மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும். குழந்தையின் இதயத்தில் ஓட்டை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஓட்டை கொஞ்சம் பெரிசா இருக்கு. திறந்து தைக்கணும்" என்றார் டாக்டர்.

தைக்கணும் என்ற சொல்லைக் கேட்டதும் தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் செய்கிற வேலை அல்லவா? என்ன கேட்கிறோம் என்று தெரியாமலேயே, "என்ன நூல் சார்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு காது சிவந்துபோயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. "நல்ல நூல்தாங்க, நம்பிப் போடலாம்" என்றார். அந்த மனிதருக்கு அதற்காகவே நூறு வயது கொடுக்க வேண்டும் என்று தையல்காரர் அன்றைக்கு ஆண்டவனிடம் வேண்டிக்கொண்டார்.

குருவியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்ப நீங்களே தைச்சிருங்களேன்பா. வெளியாளுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்றாள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, முகம் கழுவி வருகிறேன் என்று போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

பகலில் அம்மா மகள் பக்கத்தில் இருப்பாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சமைத்து வருவதற்குள் பார்வையாளர் நேரம் வந்துவிடும். அந்த நேரம் அப்பாவுடையது. சும்மா உட்கார்ந்து மகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவரிடம், வார்டின் பெரிய சிஸ்டர்தான் அலமாரியைக் காட்டி, "ஏதாவது எடுத்துப் படிச்சுக் காட்டுங்களேன். அவளுக்கும் பொழுதுபோகும், உங்களுக்கும் பொழுதுபோகும்" என்றாள். அலமாரியில் இருந்தது எல்லாம் யார் யாரோ விட்டுப்போன பழைய பிள்ளைக்கதைப் புத்தகங்கள். குருவி அதிலேயே தடித்ததாகப் பார்த்து ஒன்றைக் காட்டினாள். அட்டையில் பெயர் தேய்ந்துபோய், காது ஒன்று இல்லாத கழுதைப் படம் மட்டும் மிச்சம். அதனால் அது 'கழுதைக் கதை' ஆயிற்று.

கதை இதுதான். ஓர் அக்கா, ஒரு தம்பி. தம்பியைச் சின்னவன் என்று கூப்பிடுவார்கள். அப்பா கப்பலில் போனவர் திரும்பவில்லை. சித்தப்பா வீட்டில் சோறு போட்டதைவிடச் சொல் அதிகமாகப் போட்டார்கள். ஒருநாள் இரண்டு பிள்ளைகளும் ஒற்றைக்காதுக் கழுதையை ஓட்டிக்கொண்டு, மலைகளைத் தாண்டிக் கடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அப்பாவின் கப்பல் என்றைக்காவது துறைமுகத்துக்கு வரும் என்று. வழியெல்லாம் பனி. சின்னவனுக்கு நடக்கத் தெம்பில்லை. இருந்தாலும் தன் ரொட்டியில் பாதியைக் கழுதைக்குக் கொடுத்துவிட்டு, எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்கிற பிள்ளை.

"அது எப்படிப் பசிக்காம இருக்கும்? காலையில இருந்து நடக்கிறான்" என்பான் வக்கீல்.

"அவன் பொய் சொல்றான்டா, கழுதைக்காக" என்பாள் குருவி.

"எந்தக் கழுதைக்காக? கதையில இருக்கிற கழுதைக்கா, இங்க கேள்வி கேக்குற கழுதைக்கா?" என்பாள் தொண்டையில் கட்டுப்போட்ட ஒரு பெண். வார்டே சிரிக்கும். தைக்கப்பட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளும் உண்டு.

இப்படியாக மாலைக்கு ஓர் அத்தியாயம் என்று கதை போயிற்று. அளந்து அளந்து படிப்பது அலுப்பாக இருக்கக்கூடாது என்று, தையல்காரர் புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப்போய் மதியத்தில் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொள்வார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை. கதையில் மிச்சம் இரண்டே அத்தியாயம். புதன்கிழமை ஒன்றாக முடித்துவிடலாம் என்று குருவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சின்னவனும் கடலும் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எப்படி மயக்க மருந்து வாங்கிக்கொள்வது?

புதன்கிழமை மதியம், மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் தையல்காரர் அதைக் கவனித்தார். பதினேழாவது அத்தியாயத்தைக் காணோம். பதினாறு முடிந்து தாளைத் திருப்பினால் பதினெட்டு வந்தது. தடவிப் பார்த்தார். நடுவில் சில தாள்கள் கனமாக, ஒன்றாகச் சேர்ந்திருந்தன. வெளி ஓரம் முழுவதும் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல்.

"எந்தப் புண்ணியவான்யா இப்படித் தைச்சது?" என்றார் தனக்குத்தானே.

பைண்டிங் செய்தவன் முதுகுப் பக்கம் தைப்பதற்குப் பதில் முகத்துப் பக்கம் தைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தார். வேறென்ன நினைப்பார்? சிறு வயதிலேயே மெஷினுக்கு வந்துவிட்டவர். அந்தக் காலத்துப் பிள்ளைக்கதைகள் எதையும் பிள்ளையாக இருந்தபோது படித்தவர் இல்லை. படித்திருந்தால் அந்தத் தையல் ஏன் என்று கை வைக்கும் முன்பே புரிந்திருக்கும். ஆனால் கோணல் தையலைக் கண்டால் பிரிக்காமல் விடுகிற கை அது இல்லை. ஊரார் சட்டையில் கோணலைக் கண்டால்கூடப் பஸ்ஸில் நிம்மதியாக உட்கார மாட்டார். அரை பிளேடை எடுத்தார். ஒவ்வொரு கண்ணியாக அறுத்து, தாள் கிழியாமல் நூலை உருவினார். துணியில் செய்வதுபோல ஊசித் துளைகளைக் கட்டைவிரல் நகத்தால் நீவிவிட்டார். துணியாக இருந்தால் மூடிக்கொள்ளும். தாள் மூடவில்லை. ஓரம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக நின்றது.

பிரித்தாரே தவிரப் படிக்க நேரம் வாய்க்கவில்லை. யூனிஃபார்ம் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை என்று ஒருவர் அவசரமாக வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்று வார்டு நிரம்பியிருந்தது. பக்கத்து வார்டிலிருந்து இரண்டு பிள்ளைகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். குருவி தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். மறுநாளுக்காக நகமெல்லாம் வெட்டி, தலையை இறுக்கிப் பின்னிவிட்டிருந்தார்கள். தையல்காரர் புத்தகத்தை விரித்து, "பதினேழாவது அத்தியாயம்" என்றார் பெருமையாக. அதைப் பிரித்துக் கொண்டுவந்தவர் அல்லவா?

ஜன்னலோரத்தில் மாவுக்கட்டுக் கால் கயிற்றோடு ஒருமுறை ஆடியது.

"மாமா, பதினேழு இருக்கா?"

"இருக்குடா. தைச்சு மூடியிருந்துச்சு, பிரிச்சுட்டேன்."

தையல்காரர் படிக்கத் தொடங்கினார். பனி நின்றிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கடலுக்கு மேலே ஒரு சத்திரம். சத்திரக்காரி நல்லவள். சின்னவனை அடுப்போரம் படுக்க வைத்து—

"ஒரு நிமிஷம். கழுதைய எங்க கட்டினாங்க?"

"லாயத்துலப்பா. போட்டிருக்கு."

"லாயத்துக்குக் கதவு இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னா? புத்தகத்துல போட்டிருக்கா, நீங்களா சொல்றீங்களா?"

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தையல்காரர் மேலே போனார். சின்னவனுக்கு ஜுரம். அக்கா நனைத்த துணியை நெற்றியில் போட்டாள். "தண்ணி சூடா, பச்சைத் தண்ணியா?" என்று வக்கீல். ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. "சத்திரம் மலைமேலன்னா கடல் எப்படிங்க தெரியும்?" என்று வக்கீல். அதற்கு ஒரு பிள்ளை பதில் சொல்ல, அந்தப் பதிலை இன்னொரு பிள்ளை மறுக்க, நேரம் ஓடியது. என்றைக்கும் கோபப்படாத தையல்காரருக்கே அன்று வந்துவிட்டது.

"டேய் தம்பி, கொஞ்சம் படிக்க விடுடா! நாளைக்குக் குருவி இருக்க மாட்டா—"

சிந்திய சொல்லை எந்தத் துணியால் துடைப்பது? "இங்க இருக்க மாட்டா, அந்தப் பக்கத்து பிளாக்குக்குப் போயிடுவா, அதைச் சொன்னேன்" என்று அவசர அவசரமாகத் திருத்தினார். குருவி அவர் சட்டை நுனியைப் பிடித்து, "படிங்கப்பா" என்றாள்.

படித்தார். சின்னவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'அக்கா, கப்பல் வந்ததும் என்னை எழுப்பு' என்றான். பக்கம் முடிந்தது. அவர் தாளைத் திருப்பக் கை வைக்கிற நேரத்தில் பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது.

பெரிய சிஸ்டர் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. மற்ற நாட்களில் மணி அடித்த பிறகும் ஒரு பக்கம் இரண்டு பக்கம் காது கேளாதவள்போல நிற்கிறவள், நேரே வந்து புத்தகத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவள் விரல் தாளின் ஓரத்திலிருந்த துளைகளைத் தடவியது.

"நேரமாச்சு. எல்லாரும் படுங்க."

"ஒரே ஒரு பக்கம் சிஸ்டர்!" என்றாள் குருவி.

"இன்னைக்கு வேணாம் கண்ணு."

குருவி அப்பாவைப் பார்த்தாள். "சின்னவன் பிழைச்சுக்குவானாப்பா?"

"தெரியலையேம்மா. நாளைக்கு—"

"நாளைக்குக் காலையில எனக்குல்ல?"

போர்வையை இழுத்து, ஏற்கெனவே மூடியிருந்த காலை இன்னொரு தரம் மூடிவிட்டார்.

நடைபாதையில் ஒரு பெஞ்சு. பெரிய சிஸ்டர் அதில் உட்காரச் சொன்னாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் களைத்துப்போனவள்போலத்தான் இருந்தாள்.

"இந்த வார்டுல அந்த அத்தியாயத்தை யாரும் படிக்கிறதில்லீங்க."

"பைண்டிங்ல கோளாறுன்னு நினைச்சேன் சிஸ்டர். யாரு தைச்சது? நீங்களா?"

"நான் வேலைக்கு வந்தப்பவே தைச்சுத்தான் இருந்துச்சு. நடுவுல நூல் இத்துப்போச்சு, நானும் ஒரு தரம் தைச்சேன். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் ஒரு தரம் தைச்சாங்களாம். முதல்ல யாரு தைச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. புத்தகத்தைத் தூக்கிப் போட மனசு வரல, பிள்ளைங்களுக்குக் கழுதைன்னா உயிரு. ஒரு தையல்காரர் கையில போய் மாட்டும்னு யாரு கண்டா?"

"அப்ப தம்பி எங்கன்னு பிள்ளைங்க கேட்க மாட்டாங்களா? பதினெட்டை மேலோட்டமாப் பார்த்தேன், அக்கா மட்டுந்தான் வர்ற மாதிரி இருக்கு."

"கேட்பாங்க. உள்ள தூங்குறான்னு சொல்லுவோம்."

அந்தக் காலத்தில் பிள்ளைக்கதை எழுதியவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. அழுதுகொண்டேதான் எழுதியிருப்பார்கள். நல்ல பிள்ளையை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறான் என்று நம்பிய காலம், நம்பாவிட்டால் தாங்க முடியாத காலம். ஆனாலும் எந்தப் பிள்ளை தன் ரொட்டியைப் பகிர்ந்ததோ, எந்தப் பிள்ளைக்கு நடக்கத் தெம்பில்லையோ, அதன் மேலேயே கடைசியில் கண் வைத்தார்கள். இது தையல்காரருக்குத் தெரியாது.

"சிஸ்டர், அதுல என்னதான்..."

"கேக்காதீங்க. உங்க பொண்ணு காலையில கேப்பா. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. முகமே காட்டிக்கொடுத்துரும். படிக்கலைன்னா, படிக்கலைன்னு சொல்லிடலாம் பாருங்க."

அவர் தலையாட்டினார். சட்டைக் காலருக்குள் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார். அவள் உள்ளே போய் வெள்ளை நூல் கொண்டுவந்தாள். முகத்தை எதிர்ச்சுவருக்குத் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவியே தைத்தார். துளைகள்தான் ஏற்கெனவே இருக்கின்றனவே, ஊசி தானாக வழி கண்டுபிடித்துப் போயிற்று. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் தம் பிள்ளை இல்லாத பிள்ளைகளுக்காகக் குத்திய துளைகள். இப்படி ஒரு வேலையைத் தான் பாழாக்கினோமே என்று கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்கவும் அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. அதனால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆண்டவனே, ஆண்டவனே என்று சொல்லிக்கொண்டே தைத்தார்.

காலையில் குருவிக்குப் பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள். இரண்டு குருவி கொள்ளும் அங்கி. தோள் நழுவியது. தையல்காரர் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். அம்மா கட்டிலின் மறுபக்கம் நின்று மகளின் பின்னலைப் பிடித்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுதல் நேற்றே தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

"அப்பா. சின்னவன்?"

"படிக்கலைம்மா."

"வீட்டுக்குப் போய்க்கூடவா?"

"சத்தியமா படிக்கலை. திரும்பவும் தைச்சு வச்சிருக்கேன், இந்தா பாரு. நீ வெளியில வந்ததும் ரெண்டு பேருமாப் பிரிப்போம். நீ கேட்டாத்தான் பிளேடை எடுப்பேன்."

குருவி தையலை விரலால் தொட்டாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அளந்து பார்க்கிற பார்வை, அவருடையதே. "சரி" என்றாள். தள்ளுவண்டி நகர்ந்தபோது தலையைத் திருப்பி, "அது வரைக்கும் கழுதைக்கு யாராவது தீனி போடுங்கப்பா" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. இரண்டு கதவு, ஒன்றின்மேல் ஒன்று படியாமல் லேசாக ஆடி நின்றது. மனிதன் செய்யக்கூடியது எல்லாம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் முடிந்துவிடுகிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கு உட்கார முடியவில்லை. "செருப்பு வார்டுலயே கிடக்கு. எடுத்துட்டு வர்றேன்" என்றார். செருப்பு எங்கே ஓடிப்போகிறது? ஆனாலும் அவள், "போயிட்டு வாங்க" என்றாள்.

நடுக்கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட மாற்றிவிட்டிருந்தார்கள். கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பை எடுத்தவரை ஜன்னலோரத்திலிருந்து மெதுவாகக் கூப்பிட்டான் வக்கீல். அவன் மெதுவாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"மாமா, அதைத் தைச்சிட்டீங்களா?"

"தைச்சிட்டேன்."

"மேலயும் தைச்சீங்களா?"

"மேலயா? எதுக்கு?"

பையன் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினான். தைத்த தாள்களை இரண்டு பக்கமும் லேசாக அமுக்கினான். மேல்பக்கம் உப்பிக்கொண்டு வாய் திறந்தது, குழாய் மாதிரி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் உள்ளே எழுத்து தெரியும்.

"இப்படிப் பார்த்தா படிக்கலாம் மாமா. நான் எப்பவோ பார்த்துட்டேன். கால்ல கட்டுப் போட்ட புதுசுல. பொழுதே போகல."

தையல்காரர் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். லாயத்துக்குக் கதவு. சூடான தண்ணீர், பச்சைத் தண்ணீர். மலையிலிருந்து கடல்.

"அப்ப நேத்து நீ அவ்வளவு கேள்வி கேட்டது..."

"மணி அடிக்கணும்ல" என்றான் வக்கீல். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "நீங்க அளந்து அளந்துதான் படிச்சீங்க, அப்பவும் மணி அடிக்கவே மாட்டேங்குது. என்கிட்ட கேள்வியே தீந்துபோச்சு மாமா."

நேற்று அவனை அதட்டியது நினைவுக்கு வந்தது. அவன் தலையில் கை வைத்தார். கதையின் முடிவை அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இருந்தும் இப்போது தெரிந்துபோயிற்று. பையனின் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, காலரிலிருந்து ஊசியை எடுத்து, மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் தைத்தார். புதுத் துளைகள். இவை அவருடையவை. வக்கீல் நூலைப் பிடித்துக்கொண்டான். "நெருக்கமாப் போடுங்க மாமா. அடுத்து வர்றவன் என்னைவிடக் கெட்டிக்காரனா இருந்தா?" என்றான்.

வெயில் நடைபாதையைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறிய பிறகுதான் டாக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் அதன் தடம் இருந்தது.

"தைச்சாச்சு. பிள்ளை ரொம்பக் களைச்சுப்போயிருக்கா. நாங்க நினைச்சதைவிடக் கொஞ்சம் சிரமம். இனிமே அவ தானாத் தேறி வரணும்."

"நாங்க என்ன செய்யணும் சார்?" என்றாள் அம்மா.

டாக்டர் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. "ஒண்ணும் செய்ய முடியாதும்மா. இருங்க. அவ்வளவுதான்" என்றார்.

இருந்தார்கள். ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதைப்போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. பக்கத்தில் காத்திருந்த யாரோ ஒருவரின் சட்டைப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது. தையல்காரர் கேட்காமலேயே அதைத் தைத்துக் கொடுத்தார். அந்த மனிதர் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார். அம்மாவும் அப்பாவும் ஆளுக்குப் பாதி குடித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம், ஒரே ஒருவர் கொஞ்ச நேரம் உள்ளே வரலாம் என்றார்கள். அம்மா எழுந்தாள். எழுந்தவள், அவர் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "நீங்க போங்க. அவ அதைத்தான் கேப்பா" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு முறையை அவள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய தானம் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே குருவியைத் தேட வேண்டியிருந்தது. குழாய்களுக்கும் வயர்களுக்கும் நடுவில் முகம் மட்டும். கண் திறந்திருந்தது. உதடு நீலமாக இல்லை, வெளுத்திருந்தது. அது நல்லதா கெட்டதா என்று யாரைக் கேட்பது?

"பிரிச்சீங்களா?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"இல்லம்மா. சொன்ன சொல்லு." புத்தகத்தை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். விரல் ஓரத்தைத் தேடி ஊர்ந்தது. பக்கத்துத் தையல். பிறகு மேல்பக்கம். அங்கே நின்றது.

"மேலயும் தைச்சிருக்கீங்க."

"ஆமா."

"வக்கீல் சொன்னானா?"

அவருக்கு முகம் மாறியிருக்க வேண்டும். குருவி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க போனப்புறம் நான் அவன்கிட்டக் கேட்டேன்பா. பதினேழு இருக்கான்னு கேட்டியே, உனக்குத்தான் தெரியுமே, சொல்லுன்னு. சொல்ல மாட்டேன்னு போர்வைய மூடிக்கிட்டான். அழுதான்னு நினைக்கிறேன்."

தையல்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் இவளும், பச்சை அங்கியில், அந்தக் கதவுக்குள் போகும்போது தெரிந்துதான்... சரி என்று சொன்னாளே. கழுதைக்குத் தீனி போடச் சொன்னாளே. மகளைத் தான் காப்பாற்றுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் அவரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"பிரிக்கட்டுமாம்மா?" என்றார். கேட்டே தீர வேண்டும், வாக்குக் கொடுத்திருந்தார்.

குருவி தலையை அசைக்க முடியாமல் கண்ணை அசைத்தாள். "வேணாம். இருக்கட்டும். அலமாரியில வைக்கணும்ல, அடுத்தவங்களுக்கு." பிறகு, "முதல்ல இருந்து படிங்கப்பா. அவன் நல்லா இருக்கிற இடம்" என்றாள்.

அந்த அறையின் சிஸ்டர் இளம்பெண், கண்டிப்பானவள். கொஞ்ச நேரம் என்றால் கொஞ்ச நேரம்தான். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், விரித்த புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த மருந்துப் புட்டிகளை மறுபடி முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினாள்.

தையல்காரர் முதல் வாக்கியத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் ஓட்டிப் பார்த்தார். குருவியின் கண் மூடிக்கொண்டது. போர்வை ஏறியது. இறங்கியது. அடுத்தது ஏற ஒரு கணம் தாமதித்ததுபோல் இருந்தது. தூங்குகிறாள், என்று சொல்லிக்கொண்டார். ஆண்டவனே, உள்ளே தூங்குகிறாள். போர்வை ஏறியது. எழுத்து கலங்கியது, ஆனாலும் அளந்து வைத்த வாக்கியம் அல்லவா, வாய்க்குத் தெரிந்திருந்தது.

"அந்த வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது கழுதை" என்று படித்தார். "அதற்கு அடுத்தபடி சின்னவன்."